கேம்பர் வேனுக்கு சோலார் போடுவது எப்படி: பேனலைக் கடைசியில் வாங்கும் முறை

வேனுக்குள் படுக்கை, சிங்க், அலமாரி எல்லாம் முடித்தவர்கள் அடுத்து நேராகப் போய் வாங்குவது சோலார் பேனலைத்தான். கூரையில் எத்தனை பிடிக்குமோ அத்தனை வாங்கிவிடுவார்கள், அப்புறம் அதற்கு எந்த பேட்டரி என்று விசாரிப்பார்கள், கடைசியில் கையில் மிச்சமிருக்கும் காசுக்கு ஏதோ ஒரு வயர். வேனில் வரும் மின்சாரப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையால் வருபவை. சரியான வரிசை: செலவுக் கணக்கு, பேட்டரி, பேனல் அளவு, கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி), வயரும் ஃபியூஸும், அதன் பிறகே கூரையில் ஏறுவது. ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது, அதனால் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது டெம்போ டிராவலர் அளவு வேன், இரண்டு பேர், 12 வோல்ட் அமைப்பு, தமிழ்நாட்டு வெயில். உங்கள் வண்டி சின்னது என்றால் எண்கள் குறையும், முறை மாறாது.

1. எதையும் வாங்கும் முன்னால்

முதலில் ஆர்சி. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறிப்போகும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அதனால் கூரைக் கேரியரில் போல்ட் போட்டு, வேண்டும்போது கழற்றக்கூடிய மாதிரி பேனலை வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருப்பது இன்சூரன்ஸுக்குத் தெரியாமல் இருந்து, பிறகு வண்டிக்கு ஏதாவது ஆனால், க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்து கருவிகள். ஒரு மல்டிமீட்டர், வயர் ஸ்ட்ரிப்பர், லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடிக்க ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல், ஒரு கிளாம்ப் மீட்டர். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி கரண்ட் அளக்குமா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், வேனில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கிரிம்பிங் டூல் ஒரு தடவை வேலைக்கு மட்டும்தானே என்று தோன்றினால் வாடகைக்கு எடுங்கள், ஆனால் அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் கனெக்டர், ஃபியூஸ், மீட்டர் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும்

ஒரு தாளில் வேனில் ஓடப்போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர். எங்கள் மாதிரி வேனுக்குக் கணக்கு இப்படி வரும்:

- 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், 50 வாட், 12 மணி நேரம்: 600
- பிஎல்டிசி ஃபேன், 25 வாட், 10 மணி நேரம்: 250
- லேப்டாப், 60 வாட், 3 மணி நேரம்: 180
- எல்இடி விளக்குகள், 10 வாட், 5 மணி நேரம்: 50
- மிக்ஸி, 500 வாட், 6 நிமிடம்: 50
- இரண்டு போன்: 40
- தண்ணீர் பம்ப், 60 வாட், 15 நிமிடம்: 15

மொத்தம் 1,185, அதாவது ஏறக்குறைய 1,200 வாட்-அவர். வயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,400. இந்த 1,400 என்ற எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

ஃப்ரிட்ஜ் வரியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் செலவு குளிர்ந்த ஊர் கணக்கு. வேலூர் மே மாதத்தில், நிறுத்திய வேனுக்குள் 40 டிகிரியைத் தாண்டும்போது, கம்ப்ரசர் நாளில் பாதி நேரமாவது ஓடும், மூடியை அடிக்கடி திறந்தால் இன்னும் கூடும். அதனால்தான் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் சாப்பிடும். ஒன்றுமே ஓடாமல் ஆன் செய்து வைத்த 1,000 வாட் இன்வெர்ட்டர் 10 வாட் எடுத்தாலே நாளுக்கு 240 வாட்-அவர் போய்விடும், அது ஃபேனின் முழு நாள் செலவு. அதனால் ஃபேன், விளக்கு, ஃப்ரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாமே 12 வோல்ட்டில் நேராக ஓடும் சாமான்களாக வாங்குங்கள். இன்வெர்ட்டர் மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும், வேலை முடிந்ததும் ஆஃப்.

இண்டக்‌ஷன் அடுப்பும் ஏசியும் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2,000 வாட் இண்டக்‌ஷனுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 185 ஆம்ப் போல இழுக்க வேண்டும், அதற்கான வயரும் ஃபியூஸும் பேட்டரியும் வேறு ரகம். ஒரு டன் ஏசி இரவு முழுக்க ஓட 4,000 வாட்-அவருக்கு மேல் வேண்டும், அது நம் முழு நாள் செலவைப் போல் மூன்று மடங்கு. இந்த வழிகாட்டியில் உள்ள அமைப்பு இரண்டையும் தாங்காது. சமையலுக்குச் சின்ன கேஸ் சிலிண்டர், தூக்கத்துக்கு நல்ல ஃபேனும் கூரையில் காற்று வெளியேற ஒரு வெண்ட்டும். சிலிண்டர் இருக்கும் அறையும் பேட்டரி இருக்கும் அறையும் ஒன்றாக இருக்கக் கூடாது, கசிந்த கேஸ் தரையோடு தங்கும், ஒரு சின்னப் பொறி போதும்.

3. பேட்டரி

வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் டியூப்ளர் பேட்டரியை வேனுக்குள் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். 150 ஏஎச் (ஆம்ப்-அவர், வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர்) டியூப்ளர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆக கையில் வருவது 900 வாட்-அவர்தான். அதோடு சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் ஆசிட் சிந்தும். நீங்கள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இது இருக்க வேண்டிய பொருள் இல்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். 12.8 வோல்ட், 200 ஏஎச் என்றால் 2,560 வாட்-அவர், அதில் 90 சதவீதம் எடுக்கலாம், 2,300. நம் செலவுக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வரும், அதாவது ஒரு நாள் முழுக்க மேகமாக இருந்தாலும் மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது ஏஎச் மட்டும் பார்க்காமல், உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்க, அளவு மீறினால் தொடர்பை வெட்டும் சர்க்யூட்) தொடர்ந்து எத்தனை ஆம்ப் கொடுக்கும் என்றும் கேளுங்கள். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 90 ஆம்ப் பக்கம் இழுக்கும். 100 ஆம்ப் பிஎம்எஸ் என்றால் மிக்ஸி ஸ்டார்ட் ஆகும் நொடியில் மொத்த வேனும் இருட்டாகிவிடலாம். 150 ஆம்பாவது இருக்கட்டும்.

எங்கே வைப்பது? தரையோடு, இரண்டு பக்க எடையும் சமமாக வரும் இடத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில். இந்த வகை பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, 0 டிகிரிக்குக் கீழும் கூடாது. ஈகோ மாதிரி வண்டியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, இடம் காலியாகத் தெரிகிறதே என்று பேட்டரியை அதை ஒட்டி வைக்காதீர்கள். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளுக்கும் பேட்டரி வண்டிக்கு உள்ளே இருப்பதே நல்லது. வைத்த பேட்டரியை இரும்பு ஆங்கிளிலும் பெல்ட்டிலும் கட்டுங்கள். பிளைவுட் பெட்டிக்குள் வைத்தால் போதும் என்று விடுகிறார்கள், சடன் பிரேக்கில் 20 கிலோவுக்கு மேல் உள்ள பொருள் அந்தப் பெட்டியை உடைத்துக்கொண்டு முன்னால் வரும்.

4. பேனல் எத்தனை வாட்

தமிழ்நாட்டில் ஆண்டு சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று கணக்கு வைக்கலாம். சூரியன் 12 மணி நேரம் இருக்கிறதே என்று 12 ஆல் பெருக்குகிறவர்கள்தான் அதிகம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் பேனல் கொடுப்பது கொஞ்சம்தான். அந்த 5 மணி நேரத்திலும் சூடு, தூசி, வயர் இழப்பு எல்லாம் போக 70 சதவீதம் கிடைக்கும். 400 வாட் பெருக்கல் 5 பெருக்கல் 0.7, விடை 1,400. நம் தாளின் மேலே எழுதிய அதே எண். ஆக, 200 வாட் பேனல் இரண்டு.

சாய்த்து வைக்க ஸ்டாண்ட் வேண்டுமா? நம் ஊருக்கு வேண்டாம். தமிழ்நாடு 8 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கும் சற்று மேல் வரை உள்ள அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் மதியச் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில். தட்டையாகப் படுத்திருக்கும் பேனல் இழப்பது குறைவு. சாய்க்கும் ஸ்டாண்டு பற்றிய ஆலோசனைகள் ஐரோப்பாவுக்குப் பொருந்தும், இங்கே அது காற்றில் ஆடும் கூடுதல் சுமை.

வளையக்கூடிய பேனலைக் கூரையில் ஒட்டிவிடலாம் என்றும் சொல்வார்கள். தகரத்தோடு ஒட்டியிருக்கும் பேனலுக்கு அடியில் காற்று போகாது, நம் வெயிலில் அது வெந்துபோகும், ஆயுள் குறைவு. கண்ணாடிப் பேனலே வாங்குங்கள். வீட்டு மாடியில் போடும் 540 வாட் பேனல் விலைக்கு மலிவுதான், ஆனால் சுமார் 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 28 கிலோ. அதை ஏற்றினால் கூரையில் வெண்ட் வைக்கவே இடம் இருக்காது.

காசு கொடுக்கும் முன் ஒரு வேலை: பேனல் அளவுக்கு அட்டையை வெட்டி, கேரியர் மேல் வெண்ட்டோடு சேர்த்துப் பரப்பிப் பாருங்கள். வெண்ட் மூடி திறந்தால் அதன் நிழல் காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேனலின் ஒரு மூலையில் விழும் கை அகல நிழல் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பறித்துக்கொள்ளும்.

5. கன்ட்ரோலர்: எம்பிபிடி, பேனல்கள் சீரிஸில்

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் மலிவு, ஆனால் பேனலின் கூடுதல் வோல்டேஜை வீணாக்கும். அந்த வோல்டேஜையும் சார்ஜ் கரண்டாக மாற்றித் தரும் எம்பிபிடி வாங்குங்கள். 400 வாட்டை 14.4 வோல்ட்டால் வகுத்தால் 28 ஆம்ப், ஆகவே 30 ஆம்ப், உள்ளே 100 வோல்ட் வரை தாங்குவது போதும்.

இரண்டு பேனலையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்) இணைப்பதா, பேரலலில் (பக்கம் பக்கமாக, கரண்ட் கூடும்) இணைப்பதா? நிழலுக்குப் பேரலல் கொஞ்சம் நல்லது. ஆனால் நம் ஊரில் நிழலைவிடச் சூடுதான் பெரிய பிரச்சினை. 19 வோல்ட் கொடுக்கும் பேனல், அதன் மேற்பரப்பு 65 டிகிரி ஆகும்போது 16 வோல்ட் பக்கம் இறங்கும். பேட்டரி 14 வோல்ட்டில் இருக்கிறது, நடுவில் வயரிலும் கொஞ்சம் போகிறது. எம்பிபிடி வேலை செய்ய பேட்டரியைவிடப் பேனல் வோல்டேஜ் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும், பல மாடல்கள் காலையில் விழித்துக்கொள்ளவே 5 வோல்ட் அதிகம் கேட்கும். பேரலலில் போட்டுவிட்டு, நல்ல வெயில் நாளில் சார்ஜே ஏறவில்லை என்று புலம்புவது இதனால்தான். சீரிஸில் இரண்டும் சேர்ந்து 32 வோல்ட்டுக்குக் குறையாது. குளிர்ந்த காலையில் திறந்த வோல்டேஜ் 50 ஐத் தாண்டினாலும் 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு ஆபத்தில்லை.

செட்டிங்கில் லித்தியம் என்று தேர்ந்தெடுங்கள். சார்ஜ் வோல்டேஜ் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் 13.5, ஈக்வலைசேஷன் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் ஆஃப். கடைசி இரண்டும் லெட் ஆசிட் பேட்டரிக்கு உரியவை. அவை ஆனில் இருந்தால் வோல்டேஜ் எகிறி பிஎம்எஸ் தொடர்பை வெட்டும். பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

6. ஓடும்போது டைனமோவிலிருந்து சார்ஜ்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 400 வாட் பேனல் நாளெல்லாம் சேர்த்து இருநூறு, முந்நூறு வாட்-அவர் கொடுத்தாலே பெரிது. அதற்குப் பேனலைக் கூட்டிப் பயனில்லை, டைனமோவைப் பயன்படுத்துங்கள். ஆனால் நேராக வயர் இழுக்காதீர்கள். காலியான லித்தியம் பேட்டரி கிடைக்கும் அத்தனை கரண்டையும் இழுக்கும், டைனமோ சூடாகிக் கருகும். நடுவில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் சுமார் 400 வாட்-அவர் ஏறும், திருச்சியிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் நம் நாள் செலவில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

சார்ஜரின் சிக்னல் வயரை, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் இடத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்து எடுங்கள். நிரந்தரமாகக் கரண்ட் உள்ள இடத்தில் எடுத்தால் வண்டி பேட்டரியும் இரவில் இறங்கி, காலையில் செல்ஃப் எடுக்காது.

7. வயரும் ஃபியூஸும்

பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். பேனல் சரியில்லை என்றால் கரண்ட் குறையும், அவ்வளவுதான். வயர் சரியில்லை என்றால் வண்டி எரியும்.

ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். நள்ளிரவில் ஃப்ரிட்ஜ் பீப் அடித்து நின்றுபோகும். மானிட்டரில் பேட்டரி 70 சதவீதம் காட்டும். ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு அனுப்புவார்கள், அங்கே அது நன்றாக ஓடும். காரணம் வயர். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 6 மீட்டர் தள்ளி, வயர் ஒன்றரை ஸ்கொயர் எம்எம், கரண்ட் 5 ஆம்ப். போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டரை 5 ஆல் பெருக்கி, செம்பின் எண்ணான 0.0175 ஆல் பெருக்கி, வயர் அளவால் வகுத்தால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் கூடும், இழப்பும் கூடும், ஃப்ரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்து நின்றுவிடும். அதே இடத்தில் 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.26 வோல்ட்தான். எந்த வயருக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். பல ஃப்ரிட்ஜ்களில் பேட்டரிப் பாதுகாப்புக்கு ஹை, மீடியம், லோ என்று செட்டிங் இருக்கும், தனி லித்தியம் பேட்டரிக்கு லோ வையுங்கள். சிகரெட் லைட்டர் பிளக்கில் ஃப்ரிட்ஜைக் குத்தவும் வேண்டாம், குலுக்கலில் அது தளர்ந்து சூடாகும்.

எங்கள் அமைப்புக்கு அளவுகள்: பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை 6 ஸ்கொயர் எம்எம் சோலார் கேபிள், கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10, இன்வெர்ட்டருக்கு 35, ஃப்ரிட்ஜுக்கு 4, விளக்குக்கு ஒன்றரை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும், தூரம் போனால் 35ம் போதாது. எல்லாம் பல இழை கொண்ட செம்பு வயர். வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி வயர் குலுக்கலில் ஒடியும்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள், ஈயமும் வைக்காதீர்கள். ஈயம் ஏறிய இழை விறைத்து, அது முடியும் இடத்தில் ஒடியும். அழுத்திய பிறகு லக்கைப் பிடித்து உடம்பின் பலத்தோடு இழுத்துப் பாருங்கள், வராமல் இருந்தால்தான் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை).

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, சாமானை இல்லை. அதனால் அது பேட்டரி பக்கம் இருக்க வேண்டும், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் உராய்ந்து பாடியைத் தொடும்போது அது ஒன்றும் செய்யாது. மெயினுக்கு 125 ஆம்ப், கன்ட்ரோலர் வயருக்கு 40, ஃப்ரிட்ஜுக்கு 15, விளக்குக்கு 5. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், சாதாரண கார் ஃபியூஸ் அதில் உருகினாலும் தீப்பொறி தாண்டிப் பாயலாம். மெயினுக்கு கிளாஸ் டி (Class T), அல்லது டிசி வோல்டேஜ் எழுதியிருக்கும் ஹெச்ஆர்சி (பெரிய ஷார்ட் கரண்டையும் வெட்டும்) ஃபியூஸ்.

வீட்டு எம்சிபியைப் பேனல் லைனில் போடாதீர்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும், டிசியில் அந்த இடைவெளி இல்லை, உள்ளேயே எரியும். டிசி எம்சிபி வாங்குங்கள், அதிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் திசை குறித்திருந்தால் அப்படியே போடுங்கள்.

நெகட்டிவுக்கு வண்டியின் பாடியை நம்பாமல் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு வயர் இழுங்கள், பெயின்ட்டும் துருவும் நல்ல தொடர்பு தராது. எல்லா நெகட்டிவும் ஒரு பஸ்பாருக்கு (பல வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை) வந்து, அங்கிருந்து ஷண்ட் (மானிட்டருக்காகக் கரண்டை அளக்கும் பாகம்) வழியாக மட்டும் பேட்டரிக்குப் போக வேண்டும். பஸ்பாரிலிருந்து ஒரே ஒரு வயர் பாடிக்கு. ஒரு நெகட்டிவ் நேராக பேட்டரிக்குப் போனாலும் மானிட்டர் காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும். லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்து மிச்சம் கணிக்க முடியாது, 40 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் ஏறக்குறைய அதே 13.2தான் காட்டும், ஷண்ட் மானிட்டர் கட்டாயம்.

8. கூரையில் ஏற்றுவது

பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் 5 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள், அடியில் காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். கேரியர் இல்லாமல் கூரையிலேயே போல்ட் போடுவதானால், தகரத்தில் மட்டும் போடாமல் குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று பாடி கட்டும் பட்டறையில் கேட்டு, அதில் போடுங்கள், உள்பக்கம் தகட்டு வாஷர் வையுங்கள். நைலாக் நட், ஸ்டெயின்லெஸ் போல்ட். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் போகிறவர்களுக்கு உப்புக்காற்று சாதா போல்ட்டை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும்.

துளைக்குப் பாலியூரிதேன் சீலன்ட், பாத்ரூம் சிலிக்கான் வெயிலில் உரிந்துவரும். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கிளாண்ட் (தண்ணீர் புகாமல் கேபிளைப் பிடிக்கும் மூடி) வைத்து, அதற்கு முன் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், வேறு வேறு என்றால் பொருந்துவது போலத் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்து சூடாகும்.

9. இணைக்கும் வரிசை

வயர் எல்லாம் இழுத்தாயிற்று, ஃபியூஸ்கள் இன்னும் கழற்றியே இருக்கட்டும். மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேனல் மேல் போர்வை போட்டு மூடுங்கள்.

மல்டிமீட்டரில் ஒவ்வொரு வயரின் பாசிட்டிவ், நெகட்டிவைச் சரிபாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். பிறகு முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைத்து ஃபியூஸ் போடுங்கள். கன்ட்ரோலர் திரை எரிந்து 12 வோல்ட் என்று காட்டிய பிறகே பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை முதலில் கொடுத்தால், எந்த வோல்டேஜ் அமைப்பு என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது, சிலது அங்கேயே கெட்டுவிடும். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல், அப்புறம் பேட்டரி. இதை எழுதி கன்ட்ரோலர் பக்கத்தில் ஒட்டுங்கள், ஆறு மாதம் கழித்து வேறு யாரோ திறக்கும்போது உதவும்.

இன்வெர்ட்டரைக் கடைசியில் இணையுங்கள். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால் முதல் தொடலில் பெரிய பொறி வரும், சில பிஎம்எஸ்ஸும் வெட்டிவிடும். 10 வாட், 30 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஃபியூஸ் இடத்தில் சில நொடி தொட்டுப் பிடித்துவிட்டு, உடனே ஃபியூஸைப் போடுங்கள். 230 வோல்ட் பக்கம் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) வைக்க வேண்டும். அது வேலை செய்ய இன்வெர்ட்டரில் நியூட்ரல், எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

10. ஊரை விட்டுக் கிளம்பும் முன்

பேட்டரியை முதலில் முழுவதும் சார்ஜ் செய்து, மானிட்டரில் 200 ஏஎச் என்று கொடுத்து 100 சதவீதத்தில் செட் செய்யுங்கள். பிறகு இன்வெர்ட்டரில் அயர்ன் பாக்ஸ் போல 700, 800 வாட் லோடைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அது ஓடும்போதே கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பாருங்கள். ஆஃப் செய்தவுடன் ஒவ்வொரு லக்கையும், ஃபியூஸ் ஹோல்டரையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடியுங்கள், நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து வீட்டு வாசலிலேயே ஓர் இரவு. எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும், காலையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்து, தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். இரவுக்கு 30 சதவீதத்துக்குள் இறங்கினால் கணக்கு சரி. 45, 50 இறங்கினால் எங்கோ ஏதோ சாப்பிடுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்த லைன் என்று பிடிபடும், பெரும்பாலும் ஆனிலேயே விட்ட இன்வெர்ட்டர்.

முதல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டையும், கூரை போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், புதிய இணைப்புகள் குலுக்கலில் கொஞ்சம் உட்காரும். பேனலைக் காலையில் வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரில் துடையுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டு, பேனல் லைனில் உள்ள டிசி எம்சிபியை அணைத்து, பிறகு பேட்டரி மெயின் ஃபியூஸையும் கழற்றி வையுங்கள்.